நோவாவின் பெண்சாதி

மதலேனம்மா மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்க் கடைக்குள் காலடி வைத்தால் போதும், மரக்கறி நிறுக்கிற இரவிச்சந்திரன் உள்ளேயிருந்து குரல் கொடுப்பான். "வாங்கோ, நோவாவின்ரை பெண்சாதி! நல்ல முருங்கைக்காய் வந்திருக்கு." அவளும் சிரித்துக்கொண்டே முருங்கைக்காயை ஒடித்துப் பார்ப்பாள். புதிதாக வந்த சனத்துக்கு அவளுடைய கணவர் பெயர் நோவா என்றே நினைப்பு. அவர் பெயர் எமிலியானுஸ். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை, அதிகம் பேசாத மனுஷன். நோவா என்ற பேச்சு வந்தது 2004ஆம் ஆண்டுக் கோடையில்.

அந்த வருஷம் மதலேனம்மாவுக்கு நாற்பத்தேழு வயது. ஜான்-டலோன் சந்தையில் ஓர் இத்தாலியக் கிழவரின் கடையில் தக்காளி அடுக்குகிற வேலை. மூத்த மகன் ரொறன்ரோவுக்குப் போய்விட்டான், இளையவன் கலியாணம் முடித்து லவாலுக்குப் போய்விட்டான். மூன்றாம் மாடி வீட்டில் ஓர் அறை வெறுமையாகக் கிடந்தது. அதை ஸ்நேகாவுக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். கோயம்புத்தூர்ப் பெண், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய வந்தவள். குளிர்காலம் முழுக்க இரண்டு கம்பளிச் சட்டைக்கு மேல் ஒரு போர்வையும் போர்த்திக்கொண்டு சமையலறை மேசையிலேதான் படிப்பாள், அங்கேதான் அடுப்புச் சூடு இருந்தது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த மதலேனம்மா கேட்டாள். "பிள்ளை, இவ்வளவு காலமா என்னத்தைத்தான் படிக்கிறாய்?"

"பழைய காலத்துச் சாமி நாடகம், ஆன்ட்டி. அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல நாடகக் கொட்டகை கிடையாது. ஊர்ல தச்சு வேலை செய்றவங்க, ரொட்டி சுடுறவங்க, தண்ணி சுமக்கிறவங்கன்னு ஒவ்வொரு தொழில்காரங்களும் பைபிள்ல இருந்து ஒரு கதையை எடுத்து, வண்டி மேல ஏறி நடிப்பாங்க. வண்டியைத் தெருத் தெருவா இழுத்துட்டுப் போவாங்க. அதுல பொம்பளைங்களை எப்படிக் காட்டினாங்கங்கறதுதான் என் ஆராய்ச்சி."

"பெம்பிளையளும் நடிச்சவையே?"

"எங்க ஆன்ட்டி! எல்லாம் ஆம்பளைங்க போட்ட வேஷந்தான்."

மதலேனம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "இது எங்கட ஊர்ப் பாஸ் எல்லோ!"

மன்னார்க் கரையில் அவளுடைய ஊரிலும் தவக்காலத்தில் ஆண்டவருடைய பாடுகளை நாடகமாகப் போடுவார்கள். அதைத்தான் பாஸ் என்பது. அவளுடைய தகப்பன் நீக்கிலாப்பிள்ளை அதிலே மதலேனாள் வேஷம் கட்டுகிறவர். கடலில் வலை இழுத்துக் காய்த்த கையால் தலைமயிரை அவிழ்த்துவிட்டுக்கொண்டு அவர் சிலுவையடியில் விழுந்து அழுதால், கரையிலிருக்கிற பெண்கள் எல்லோரும் மூக்கைச் சிந்துவார்கள். மகள் பிறந்தபோது அந்தப் பெயரையே வைத்துவிட்டார். "நானும் நடிக்கப் போறன் ஐயா" என்று பத்து வயதில் ஒருமுறை கேட்டாள். அவர் அவளை ஏதோ கடலுக்குப் போகக் கேட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நாடகத்தில் பெண்களின் பங்கு சேலை கொடுப்பது. தாயின் கூறைச்சேலை வருஷா வருஷம் கஞ்சி போட்டுத் தேய்த்து மேடைக்குப் போய், சாம்பலும் வியர்வையுமாகத் திரும்பி வரும்.

ஸ்நேகா எல்லாவற்றையும் கண் கொட்டாமல் கேட்டாள். பிறகு தன் பக்கத்துக் கதையைச் சொன்னாள். அந்த நாடகங்களில் பெண்கள் இரண்டு விதம்தானாம். ஒன்று, மாதாவைப்போலக் கால் நிலத்தில் படாத புனிதம். இல்லாவிட்டால் ஏவாளைப்போலப் பழி சுமக்கிறவள், அல்லது வாயாடி. வாயாடிகளுக்குள் பெரிய வாயாடி நோவாவின் மனைவி.

"பைபிள்ல அவங்களுக்கு ஒரு பேர்கூடக் கிடையாது, ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. நாடகக்காரங்கதான் வாய் குடுத்தாங்க. அதுவும் சண்டை போடறதுக்கு மட்டும். உலகத்தையே அழிக்கிற வெள்ளம் வருது, நான் கட்டின பேழைக் கப்பல்ல ஏறுன்னு நோவா கூப்பிடுறாரு. இவங்க மாட்டேங்கறாங்க. 'என் சிநேகிதிங்களை விட்டுட்டு வர மாட்டேன், அவங்களையும் ஏத்து, இல்லேன்னா நீ மட்டும் போ'ங்கறாங்க. கடைசில பசங்க வந்து தூக்கி உள்ள போட்டுடுறாங்க. உள்ள போனதும் புருஷனுக்கு ஓங்கி ஒரு அறை விடுவாங்க. ஜனங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்களாம்."

"அந்தச் சிநேகிதியள்?"

"வெள்ளத்துல போயிடுவாங்க, ஆன்ட்டி. அப்புறம் அவங்களைப் பத்திப் பேச்சே கிடையாது."

மதலேனம்மா அரிந்த வெங்காயத்தை எண்ணெய்க்குள் தள்ளினாள். சட்டி இரைந்தது.

அவள் நினைப்பு தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதத்துக்குப் போய்விட்டது. சண்டை மூண்டு, சனம் படகு படகாக இராமேஸ்வரத்துக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம். கருவாடு காய வைக்கிற வாடியில் அவளோடு சின்ன வயதிலிருந்து வேலை செய்தவள் பவுலீனா. பவுலீனாவின் பகிடிக்கு வாடி முழுக்கச் சிரிக்கும், கருவாட்டு நாற்றம்கூட மறந்துபோகும். ஒன்றாகப் போவோம் என்றுதான் இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். விடியற்காலை கரைக்கு வந்த பிறகு, தாயைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று பவுலீனா திரும்பி ஓடினாள். படகுக்காரன் நிற்க மாட்டேன் என்றான். பவுலீனா வராமல் ஏற மாட்டேன் என்று மதலேனம்மா மணலில் இருந்துவிட்டாள். எமிலியானுஸும் அவருடைய தம்பியும் அவளை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிப் படகுக்குள் போட்டார்கள். பிள்ளைகள் இரண்டும் கத்தின. படகு நூறு யார் தூரம் போன பிறகு பவுலீனா தாயைக் கைத்தாங்கலாகக் கொண்டு கரைக்கு வந்ததை அவள் கண்ணாலே கண்டாள். அடுத்த கிழமை பவுலீனா வேறொரு படகில் ஏறினாள். அந்தப் படகு கரை சேரவில்லை.

மண்டபம் அகதி முகாமில் அந்தச் செய்தி வந்தது. அன்றையிலிருந்து வீட்டில் பவுலீனாவின் பெயரை யாரும் சொன்னதில்லை. எமிலியானுஸ் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. முகாமிலும் சரி, பிறகு மொன்றியலிலும் சரி, அவர்கள் சண்டை சச்சரவில்லாத நல்ல தம்பதி என்றுதான் பெயர் எடுத்தார்கள்.

பனி கரைந்தது. ஸ்நேகாவின் நாடகக் கூட்டாளிகள் ஆனி மாதத்தில் அந்த வெள்ளக் கதையையே பழைய முறைப்படி வண்டியில் நடிப்பதென்று தீர்மானித்தார்கள். பழைய முறை என்றால் மனைவி வேஷமும் ஒரு பெடியனுக்குத்தான். ஆனால் அந்தப் பெடியன் மே மாதம் தொடங்கியதும், மரக்கன்று நடுகிற வேலை கிடைத்துவிட்டது என்று பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் பஸ் ஏறிவிட்டான். ஸ்நேகா தலையில் கை வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆன்ட்டி, சும்மா கேக்குறேன். நீங்க நடிக்கிறீங்களா?"

"உனக்கு விசரே? எனக்கு இங்கிலீசும் தெரியாது."

"தமிழ்லயே பேசுங்க. நோவா இங்கிலீஷ்ல கத்தட்டும், பசங்க பிரெஞ்சுல கத்தட்டும். புருஷன் பொண்டாட்டி சண்டை யாருக்குத்தான் புரியாது?"

எமிலியானுஸ் வாசல் பக்கம் நின்று சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார், வேலைக்குப் புறப்படுகிற நேரம். "இந்த வயசிலை கூத்தே?" என்றார் தலையை நிமிர்த்தாமலே.

அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது. "ஓம் பிள்ளை, நான் வாறன்" என்றாள் மதலேனம்மா.

ஒத்திகை பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கத்தோலிக்கக் கோயிலின் நிலவறையில் நடந்தது. ஸ்நேகா எழுதிக் கொடுத்த வசனம் கோயம்புத்தூர்த் தமிழில் இருந்தது. "என்னங்க, என்ன பண்ணிட்டு இருக்கீங்க" என்று வாசித்துவிட்டு மதலேனம்மா தாளை மடித்து வைத்தாள். "இப்பிடிக் கதைச்சா எனக்குச் சண்டை வராது பிள்ளை" என்று சொல்லி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இஞ்சாருங்கோ, உதென்ன விசர் வேலை? மழையும் இல்லை, தண்ணியும் இல்லை, வீட்டு முத்தத்திலை கப்பல் கட்டுறியள்!" என்றாள். ஒரு சொல் விளங்காமலே அங்கிருந்த மாணவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

நோவாவாக நடித்தவன் எத்தியென். சிவந்த தாடி, நெடுநெடுவென்று வளர்த்தி. நாடகத்தை நடத்துகிறவனும் அவன்தான். சிநேகிதிகளாக நிற்க ஆள் வேண்டும் என்று அவன் சொன்னதும் மதலேனம்மா தன் ஆட்களையே கூட்டி வந்தாள். கீழ்வீட்டு யோகராணி, கரடெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளை பார்க்கிறவள், ஒரு வெள்ளிக்கிழமையும் தவறாமல் முருகன் கோயிலுக்குப் போகிறவள். தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிற அஜந்தா, யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெண், சிரிக்கத் தொடங்கினால் நிறுத்த மாட்டாள்.

யோகராணி வந்த அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, இந்த நோவா ஆர்? நல்லவரோ?"

"நல்லவர்தான். ஆனா பெண்சாதி சொல்லுறதைக் கேக்க மாட்டார்."

"அப்ப தெரிஞ்ச ஆள்தான்" என்றாள் யோகராணி. அஜந்தா அன்று சிரித்து முடிக்க ஒத்திகை பாதி முடிந்துவிட்டது.

மதலேனம்மா பிறகு எத்தனையோ தடவை அந்தச் சனிக்கிழமைகளை நினைத்துக்கொள்வாள். கனடாவுக்கு வந்தபிறகு அவள் வேலைக்குப் போயிருக்கிறாள், பூசைக்குப் போயிருக்கிறாள், செத்தவீடு கலியாணவீடு என்று போயிருக்கிறாள். ஒரு காரணமும் இல்லாமல் நாலு பெண்களோடு இருந்து சிரித்தது அப்போதுதான். நிலவறையில் ஈரச் சுவரின் மணம் அடிக்கும். பிளாஸ்கில் கொண்டுபோன தேநீரை மாணவர்கள் போட்டி போட்டுக் குடிப்பார்கள். அஜந்தா கொண்டுவருகிற கடலை வடையை எத்தியென் இரண்டு கையாலும் எடுப்பான். ஒத்திகை முடிந்து வெளியே வந்தால் இன்னும் வெளிச்சம் போயிருக்காது. வேலியோரங்களில் லைலாக் பூத்திருக்கும். மூன்று பேரும் கையைக் கோத்துக்கொண்டு, வசனத்தைத் தெருவிலே உரத்துச் சொல்லிக்கொண்டு நடப்பார்கள். பல்கனியில் இருந்த கிரேக்கக் கிழவிகள் எட்டிப் பார்ப்பார்கள். யோகராணி அவர்களுக்குக் கையைக் காட்டி, "போன்சுவார்!" என்பாள்.

இரண்டே இரண்டு தகராறுதான் வந்தது. ஒன்று நோவாவின் கன்னத்தில் விழ வேண்டிய அந்த அறை. எத்தியென் கன்னத்தை நீட்டிக்கொண்டு, "பிளு ஃபோர், மதாம்! இன்னும் பலமாக!" என்று கெஞ்சுவான். மதலேனம்மாவின் கை கிட்டப் போனதும் இளகிவிடும், குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோலத் தடவிவிட்டு வந்துவிடும். "என்ரை இளையவன்ரை வயசு. எப்பிடியடா அடிக்கிறது?" என்பாள்.

மற்றது ஸ்நேகாவுக்கும் எத்தியெனுக்கும். சனம் சிரிக்கவே கூடாது என்று ஸ்நேகா நின்றாள். அறுநூறு வருஷமாக அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தது போதும் என்றாள். சிரிப்பு இல்லாவிட்டால் அது அந்த நாடகமே இல்லை என்றான் எத்தியென். இரண்டு பேரும் ஒரு கிழமை முகம் பார்க்கவில்லை. கடைசியில் ஸ்நேகா மதலேனம்மாவிடம் வந்தாள்.

"நீங்க சொல்லுங்க ஆன்ட்டி. நடிக்கிறது நீங்கதானே."

மதலேனம்மா யோசித்தாள். "என்ரை ஐயா சனத்தை அழ வைச்சவர். எனக்குச் சிரிக்க வைக்க ஆசையா இருக்கு பிள்ளை. அந்த மனுசி பகிடிக்காரியா இருந்திருப்பாள். சிநேகிதியள் சும்மா வருவினமே?"

ஸ்நேகா அன்றிரவே எத்தியெனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

நாடகம் மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் நடந்தது. அங்கேயுள்ள விவசாயக் கல்லூரியில் வைக்கோல் ஏற்றுகிற வண்டி ஒன்றையும் அதை இழுக்க உழவு இயந்திரத்தையும் இரவல் வாங்கியிருந்தார்கள். வண்டியைச் சுற்றிப் பலகை அடித்து, மிருகங்களைத் துணியில் வரைந்து தொங்கவிட்டிருந்தார்கள். பின்னாலே ஏரி. பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து இரண்டு வான் நிறையத் தமிழ்ச் சனம் வந்து, புல்லில் பாய் விரித்து, சோற்றுப் பார்சலை அவிழ்த்தது. எமிலியானுஸ் வருவார் என்று மதலேனம்மா நினைக்கவில்லை. வந்திருந்தார். எல்லோருக்கும் பின்னால் ஒரு மேப்பிள் மரத்தடியில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவள் தன் நூல்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சேலைக்காரியே அதை உடுத்துக்கொண்டு நாடகத்துக்குப் போகிறாள் என்று ஒரு நினைப்பு வந்தது. முதல் வசனத்தை இரண்டு தரம் முணுமுணுத்துப் பார்த்தாள்.

தொடங்கியபிறகு பயம் போய்விட்டது. எத்தியென் வண்டி மேல் நின்று வானத்தைக் காட்டி இங்கிலீஷில் முழங்கினான். அவள் புல்லில் சிநேகிதிகளோடு வட்டமாக இருந்து, இஞ்சிச் சோடாவைக் கள்ளாகப் பாவித்துக் குடித்து, நோவாவைப்பற்றிக் கதைத்துச் சிரித்தாள். "உலகம் அழியப்போகுதாம். நேற்று வேலியைக் கட்டச் சொன்னனான், அதுக்கு நேரமில்லையாம்!" தமிழ்ச் சனம் சிரித்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். ஏணியில் ஏறியிருந்த மாணவன் பூவாளியால் மழை பெய்ய வைத்தான். யோகராணி சேலைத்தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு அவனை உண்மையாகவே ஏசினாள், சனம் உருண்டது.

பிறகு மகன்மாராக நடித்த இரண்டு பெடியன்கள் வந்து ஆளுக்கொரு பக்கமாக அவளைத் தூக்கினார்கள்.

ஒத்திகையில் எத்தனையோ முறை தூக்கியிருக்கிறார்கள். நிலவறையில் சீமெந்துத் தரைதான் இருந்தது. இங்கே கால் தரையை விட்டு எழும்பியபோது முன்னாலே தண்ணீர் தெரிந்தது. அவள் உடம்பு முறுகியது. வசனத்தில் இல்லாத ஒரு சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது. வண்டிப் பலகையில் கால் பட்டதும் எத்தியென் தாடியோடு சிரித்துக்கொண்டு கையை விரித்து நின்றான். அவள் ஓங்கி அறைந்தாள். அந்தச் சத்தம் ஏரிக்கரை மட்டும் கேட்டிருக்கும். அவனுடைய தொப்பி பறந்து புல்லில் விழுந்தது. சனம் எழும்பி நின்று சிரித்தது.

உழவு இயந்திரம் உறுமிக்கொண்டு வண்டியை இழுத்தது. பேழை மிதக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இது ஒத்திகையில் நடக்காத பகுதி, நிலவறைக்குள் உழவு இயந்திரம் எங்கே வரும்? யோகராணியும் அஜந்தாவும் புல்லில் நின்று பாட்டுப் பாடிக் கையசைக்க வேண்டும். வண்டி நகர நகர அவர்கள் சின்னதாகிக்கொண்டு போனார்கள். அஜந்தாவின் பாட்டு பாதியில் நின்றது. மதலேனம்மா வண்டி விளிம்பைப் பிடித்துக் குனிந்தாள்.

"அவையையும் ஏத்துங்கோ! என்ரை சிநேகிதியள் நிக்கினம், கொஞ்சம் நில்லுங்கோ! யோகராணி! அஜந்தா!" என்று கூப்பிட்டாள். அதுவரை வசனம். பிறகு, "பவுலீனா!" என்று கூப்பிட்டாள். இன்னொரு தடவையும் கூப்பிட்டாள்.

சிரிப்பு முன்வரிசையிலிருந்து பின்னாலே அணைந்துகொண்டு போனது. தமிழ் தெரியாதவர்களும் அவள் கூப்பிட்ட பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். எத்தியென் அடுத்து ஒரு நீளமான செபம் சொல்ல வேண்டும். அவன் சொல்லவில்லை. சிவந்த கன்னத்தோடு அவளுக்குப் பக்கத்தில் வந்து, அவள் பார்த்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். வண்டி வயலைச் சுற்றிப் போய்த்தான் நின்றது.

இறங்கியதும் யோகராணியும் அஜந்தாவும் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். பவுலீனா யார் என்று அவர்கள் கேட்கவில்லை. ஸ்நேகா பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சினாள். மதலேனம்மா முதலில் எத்தியெனைத் தேடிப் போய் அவன் கன்னத்தைத் தடவி, "பார்தொன், தம்பி, பார்தொன்" என்று மன்னிப்புக் கேட்டாள். அவன் அவள் கையைப் பிடித்து முத்தமிட்டான்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அவளும் எமிலியானுஸும் மட்டும். கார் நெடுஞ்சாலையில் ஏறியது.

"அந்தப் பெடியனுக்கு நல்லா விழுந்திது" என்றார் எமிலியானுஸ்.

"அது அவனுக்கில்லை."

"தெரியும்." அவர் வேகத்தைக் குறைத்தார். "பதினாலு வருசமா வைச்சிருந்தனீர், என்ன?"

"ஓம்."

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே இடது கன்னத்தைத் தடவினார். "நான் தூக்காட்டி நீர் ஏறியிருக்க மாட்டீர்."

"ஏறியிருக்க மாட்டன். பிள்ளையளும் இல்லை, நானும் இல்லை. எனக்கு அது தெரியாதே? தெரிஞ்சுதான் உங்களிலை கோபம்."

அவர் தலையாட்டினார். இன்னும் கொஞ்சத் தூரம் போன பிறகு, "எங்கட கலியாணத்திலை பவுலீனா என்ரை சேட்டுப் பையுக்கை கருவாடு போட்டவள், தெரியுமே உமக்கு? கோயிலுக்குள்ளை சுவாமியாரும் நானும் மணந்து மணந்து பார்த்தது..." என்றார்.

"அவளே? அது உங்கட தம்பியெண்டெல்லோ நான் நினைச்சன்!"

"தம்பிக்கு அந்த மூளை எங்கை?"

மதலேனம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. வீடு வந்து சேருமட்டும் அவர்கள் பவுலீனாவைப் பற்றித்தான் பேசினார்கள். கார் நின்ற பிறகும் இறங்காமல் இருந்து பேசினார்கள்.

அந்தக் கார்த்திகையில், இறந்தவர்களின் மாதத்தில், எமிலியானுஸே போய்ப் பவுலீனாவின் பெயருக்குப் பூசை கேட்டு வைத்தார். யோகராணியும் வந்து, எங்கே எழும்ப வேண்டும் எங்கே இருக்க வேண்டும் என்று தெரியாமல் அஜந்தாவைப் பார்த்துப் பார்த்து எழும்பி இருந்தாள்.

ஸ்நேகா ஆராய்ச்சியை முடித்து ஹலிஃபாக்ஸில் படிப்பிக்கப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பாள். எத்தியென் சந்தைக்குத் தக்காளி வாங்க வந்தால், மதலேனம்மாவைக் கண்டதும் கன்னத்தைக் கையால் மூடிக்கொள்வான். சனிக்கிழமைச் சிரிப்பு நாடகம் முடிந்த பிறகும் மூன்று நாலு வருஷம் அவளுடைய சமையலறையில் தொடர்ந்தது. பிறகு அஜந்தாவின் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், அவள் குடும்பத்தோடு ரொறன்ரோவுக்குப் போனாள். யோகராணி மகளின் பிள்ளையைப் பார்க்க லவாலுக்கு மாறினாள். கீழ்வீட்டில் இப்போது பஞ்சாபிக் குடும்பம்.

மே மாதம் சந்தை வேலை முடிந்து வரும்போது மதலேனம்மா சில நாள் அந்தக் கோயில் பக்கமாகச் சுற்றி வருவாள். நிலவறைக் கதவு திறந்திருக்கும், உள்ளே வேறு யாரோ வேறு ஏதோ மொழியில் பாட்டுப் பழகுவார்கள். போன வருஷம் ஒருநாள் அப்படி நின்றபோது, கதவடியில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அவளைப் பார்த்து, உள்ளே வருகிறீர்களா, குரல் எடுத்துப் பாட ஆள் குறைவு என்று பிரெஞ்சில் கேட்டாள். மதலேனம்மா கையிலிருந்த தக்காளிப் பையை மற்றக் கைக்கு மாற்றினாள். என்ன பாட்டு என்று விசாரித்துக்கொண்டே அவளுக்குப் பின்னால் படியிறங்கினாள்.